கோர்த்தவர் கையைப் பாருங்கள்

போன இதழில், பாசி கோர்க்கத் தொடங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு கண்காட்சியாவது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. முப்பது வருடமாக மதுரையில் உட்கார்ந்து மணி கோர்க்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

திண்டுக்கல் வாசகி: நான்கு வருடமாக வீட்டிலேயே பாசி நகை செய்கிறேன். யூடியூப் பார்த்துக் கற்றதுதான். இப்போது எதைச் செய்தாலும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. கண்காட்சிக்குப் போனால் புதிதாக ஏதாவது தோன்றுமா? "எல்லாம் போன்லயே வருதே, பஸ் காசு எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர்.

அவருக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள், தங்கச்சி. போனில் வருவது செய்து முடித்த நகை. அது எப்படி அந்த உருவத்துக்கு வந்தது, கை எங்கே தயங்கியது, எதை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் எதிரில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

2011 பிப்ரவரியில் சூரஜ்குண்ட் மேளாவுக்கு முதல் தடவை போனேன். அரியானாவில் பரிதாபாத் பக்கம் நடப்பது, 1987-ல் தொடங்கிய கைவினை மேளா. மதுரையில் சம்பர்க் கிராந்தி ஏறி நிஜாமுதீனில் இறங்கி, நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டு மூன்று நாள் போய் வந்தேன். முதல் நாள் எல்லோரையும் போலக் கடை கடையாக ஓடினேன். சாயங்காலம் பை நிறைந்திருந்தது, மனசில் ஒன்றும் நிற்கவில்லை. மறுநாள் குஜராத்தின் கம்பாத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்தவள், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

கம்பாத் அகேட் கல்லுக்குப் பேர்போன ஊர். நாம் சூதுபவளம் என்கிறோமே, அந்தச் சிவப்புக் கல்மணியை அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். பெரியவர் கல்லை ஒரு மரக் கவ்வியில் இறுக்கி, வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர்த் தச்சர்கள் ஒரு காலத்தில் தமர் போட்ட மாதிரிதான், ஆனால் எல்லாமே குட்டி அளவில். துளைப்பானின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு வைரச் சில்லு. மேலே கட்டியிருந்த டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்மேல் விழுந்தது. பாதி தூரம் துளைத்ததும் கல்லைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்திலிருந்து வந்தார். இரண்டு துளையும் உள்ளே சந்தித்த நொடியில் சத்தம் மாறியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டே கையை நிறுத்தினார்.

எனக்கு இந்தி அரைகுறை. அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பையிலிருந்து என் மாலை ஒன்றை எடுத்துக் காட்டினேன், பேச்சு தானாக வந்துவிட்டது. அவர் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். சுடாத கல் சாம்பல் கலந்த மஞ்சள். ஒருமுறை சுட்டது தேன் நிறம். மறுபடி சுட்டது ஆரஞ்சு. அதற்கப்புறம்தான் அந்த ரத்தச் சிவப்பு. கல்லுக்குள் இருக்கும் இரும்பு சூட்டில் மாறுவதால் வருகிற நிறம் அது. அதுவரை சிவப்பை மட்டும் பொறுக்கி வாங்கிக்கொண்டிருந்தவள், அன்று பழுக்காத கல்லையெல்லாம் அள்ளி வந்தேன். பிடரியில் மஞ்சளில் தொடங்கி நெஞ்சுக்கு நேரே சிவப்பில் வந்து முடிகிற மாதிரி ஒரு மாலை கோர்த்தேன். இன்றுவரை என்னிடம் அதிகம் பேர் கேட்டு வாங்குவது அந்த மாலையைத்தான்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். கல் அரைக்கும் தூசு நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் வந்து, கம்பாத்தில் எத்தனையோ தொழிலாளிகள் இறந்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு அடித்துப் பேரம் பேசாதீர்கள். வீட்டில் கல் தேய்க்கிறவர்கள் தண்ணீர் விட்டே தேயுங்கள், தூசு வடிகட்டும் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

தஞ்சாவூர் கல்லூரி மாணவி: கண்காட்சிக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? பாசி தரமானதா என்று அங்கேயே கண்டுபிடிக்க முடியுமா? போன தடவை வாங்கிய தங்க நிறப் பாசி ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது.

வெள்ளைக் கைக்குட்டை, 10 அல்லது 12-ஆம் நம்பர் ஊசி, சின்ன நோட்டு, பாதியில் நிற்கும் உங்கள் வேலை ஒன்று. இந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம். முடித்த நகையைக் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். பாதி வேலையைக் காட்டினால் எதிரில் இருப்பவர் கை சும்மா இருக்காது, வாங்கிப் பார்த்து ஏதாவது சொல்வார்.

கைக்குட்டையில் ஒரு சிட்டிகை பாசியைக் கொட்டி விரலால் பரப்புங்கள். கோணல், உடைசல், துளை அடைத்தது எல்லாம் வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியும். ஊசியை நாலைந்து பாசியில் விட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் 8, 11, 15 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூடப் பாசி சின்னதாகும்: 8 ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 11 ஏறக்குறைய 2, 15 என்றால் ஒன்றரை. ஆரி வேலைக் கடையில் எல்லாவற்றையும் சுகர் பீட்ஸ் என்று ஒரே பெயரில் கொடுத்துவிடுவார்கள், நம்பர் கேட்டு வாங்குங்கள். ஜப்பானின் மியூக்கி, தோஹோ பாசிகள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருக்கும். மியூக்கியின் டெலிகா என்ற குழல் வடிவப் பாசி 1 கிராமுக்கு ஏறக்குறைய 200 நிற்கும், பட்டையாக நெய்ய அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. செக் நாட்டுப் பாசி கொஞ்சம் உருண்டை, கூடக் குறைய வரும், சரம் சரமாகக் கட்டி விற்பார்கள். பூ, கொடி செய்ய எனக்கு அதுதான் பிடிக்கும்.

உங்கள் தங்கப் பாசி வெளுத்தது, நிறம் கண்ணாடிக்குள் இல்லாமல் மேல்பூச்சாக இருந்ததால்தான். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு பாசியை நகப்பூச்சு அழிக்கும் திரவம் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது வியர்வைக்கும் நிற்காது. வீட்டுக்கு வந்தபின் பாதிச் சரத்தைச் சன்னல் வெயிலிலும் மீதியைப் பீரோவுக்குள்ளும் இரண்டு வாரம் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, அரங்கத்து விளக்கில் எல்லா நீலமும் மயில் நீலம்தான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த லாட்டில் நிறம் ஒரு பிடி மாறியிருக்கும்.

அமெரிக்காவின் டாலஸிலிருந்து ஒரு வாசகி: பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் ஊரில் நடக்கும் ரத்தினக் கல் கண்காட்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். தேடினால் ஒரே ஊரில் ஏகப்பட்ட கண்காட்சி வருகிறது. எதற்குப் போவது? இங்கே கைவேலைத் தோழி என்று எனக்கு யாரும் கிடையாது.

மகள் பீனிக்சில் இருந்தபோது, 2018-ல் நானும் அவளும் போனோம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். கனிமச் சங்கத்துக்காரர்கள் 1955-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னதாகத் தொடங்கியது அது. இப்போது முதன்மைக் கண்காட்சி பிப்ரவரி நடுவில் நாலு நாள், ஊரின் மாநாட்டு மையத்தில் நடக்கிறது. ஆனால் ஜனவரி கடைசியிலிருந்தே ஓட்டல்களிலும் கூடாரங்களிலும் தனித்தனியாகப் பல கண்காட்சிகள் தொடங்கிவிடும். முதன்மைக் கண்காட்சியில் அருங்காட்சியகத்தில் வைக்கிற மாதிரிக் கற்கள், கண்ணுக்கு விருந்து. பாசி கோர்க்கிறவளுக்கு வேலை மற்ற இடங்களில்தான் இருக்கிறது. அவற்றில் சில மொத்த வியாபாரிகளுக்கு மட்டும், வணிக உரிமம் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். பொதுமக்களுக்கு உண்டா என்று முன்கூட்டிப் பார்த்து, ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பாலைவன ஊர், காலையில் குளிரும், பகலில் நாக்கு வறளும். தண்ணீர் பாட்டிலும் பழகிய செருப்பும் அவசியம்.

எனக்கு அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய மணிகள் விற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் மேசையில் செங்கல் நிறத்தில் பொடிப் பொடியாகச் சில சரங்கள் கிடந்தன. 5 மில்லிமீட்டருக்கும் சின்ன மணிகள், மினுமினுப்பு இல்லை, ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவும் இல்லை. கிழக்கு இந்தோனேசியத் தீவுகளில் குடும்பச் சொத்தாக வைத்திருப்பார்களாம், முத்திசாலா என்று பெயராம். சரத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா, மதுரை என்றேன். உடனே அவர் கேட்டது: "அரிக்கமேடு உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?"

எனக்கு வாயடைத்துப் போனது. பாண்டிச்சேரிக்கு எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். ஊருக்குத் தெற்கே 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை. 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து தோண்டிய இடம். கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு போட்டு, விளிம்பு மழுங்க மறுபடி சூடு காட்டிச் செய்த இந்தச் சின்ன மணிகள் கடல் தாண்டிப் போன துறைமுகம். அதே முறை திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை பிழைத்திருந்தது. இத்தனையும் எனக்குச் சொன்னவர் அரிசோனாவில் மேசை போட்டிருந்த ஒரு பெண்மணி. ஊர் திரும்பிய மாதமே புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதே செங்கல் நிறத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் நானும் இன்றைக்கும் கடிதம் போட்டுக்கொள்கிறோம்.

தோழி வேண்டும் என்றீர்களே. கடையில் நின்று பேசினால் பின்னால் வரிசை நிற்கும், பேச்சு வளராது. இந்த மாதிரிக் கண்காட்சிகளில் இரண்டு மூன்று மணி நேர வகுப்புகள் நடத்துவார்கள், ஒன்றில் சேருங்கள். பக்கத்து நாற்காலிக்காரிக்கு நூல் சிக்கும், உங்களுக்கு ஊசி நழுவும், அப்புறம் அறிமுகம் செய்துவைக்க யாரும் வேண்டாம். அங்கே பல ஊர்களில் பீட் சொசைட்டி என்று மாதாமாதம் கூடுவார்கள். உங்கள் பக்கத்துப் பாசிக் கடையில் விசாரியுங்கள்.

ஓசூர் வாசகி: ஒரு கண்காட்சியில் கடை போட்டேன். ஒருவர் அக்கா அக்கா என்று பேசி, ஜிமிக்கியைப் போட்டோ எடுத்துப் போய், அதையே பாதி விலைக்கு விற்கிறார். இனிமேல் யாரிடமும் பேசவே பயமாக இருக்கிறது.

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். எனக்கும் நடந்தது. இரண்டு மாதம் கண் வலிக்க உட்கார்ந்து செய்த பட்டை ஒட்டியாணத்தை, கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்துப் போய் அச்சு அசலாக இறக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அது தப்பு. தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கோர்க்கும் முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லை, அதைக் கேட்டால் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் நிறத்தைத் தேர்ந்து, அளவு போட்டு, அவிழ்த்து அவிழ்த்து ஒருத்தி கொண்டுவந்த உருவம் அவளுடையது. மேசையில் "படம் எடுக்கும் முன் கேளுங்கள்" என்று அட்டை வையுங்கள். நாமும் அடுத்தவர் கடையில் கேட்டுவிட்டே எடுப்போம்.

பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் ஐந்து தோழிகளும் கண்காட்சிக் கடைகளில் பக்கத்துக் கடையாக வந்தவர்கள். ஜப்பான் பாசியைப் பெரிய பாக்கெட்டாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். ஒருத்திக்கு மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, அவள் ஒப்புக்கொண்டிருந்த கல்யாண ஆர்டரை நாலு பேர் பங்கு போட்டு முடித்துக் கொடுத்தோம். மாலையைப் பிரித்துப் பார்த்தால் எந்த முழம் யார் கை என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

மானாமதுரை வாசகி: மாமியார் படுத்த படுக்கை. என்னால் டெல்லிக்கோ சென்னைக்கோ நினைத்தும் பார்க்க முடியாது. அப்படியென்றால் எனக்குக் கண்காட்சியே இல்லையா?

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது எங்கேயும் இல்லை.

மதுரைக்குப் போகும் வழியிலேயே கீழடி. அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். யாராவது அரை நாள் பார்த்துக்கொண்டால் போய்வந்துவிடலாம். சூதுபவள மணி, கண்ணாடி மணி எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றின் துளையைப் பாருங்கள். ஏதோ ஒரு கை சிரமப்பட்டுப் போட்ட துளை. நிறங்களை நோட்டில் வண்ணப் பென்சிலால் குறித்து வாருங்கள்.

அடுத்தது, அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் பெண்கள். பாசிமணி ஊசிமணி என்று காலங்காலமாக நம் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, கற்றுக்கொள்ள மட்டும் கண்காட்சிக்கு ஓடுகிறோமே என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

ஒரு சித்திரையில் அப்படி ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் கிண்ணம் நிறையப் பாசி. நீளக் கம்பி ஊசியைக் கிண்ணத்துக்குள் விட்டுத் தண்ணீர் மொள்கிற மாதிரி ஓர் அள்ளு அள்ளினால் பத்துப் பன்னிரண்டு பாசி ஏறிவிடுகிறது. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்த வருடங்கள் கண்முன்னால் வந்தன. பிறகு ஸ்படிக மாலைக்குக் கம்பி முறுக்கினார். ஸ்கேல் கிடையாது. கம்பியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து அளந்து வெட்டி, குறட்டால் ஒரு திருகு, அடுத்த மணி. ஐம்பது கண்ணியும் ஒரே அளவு. நான் பிளையரில் மார்க்கர் கோடு போட்டுக்கொண்டு செய்தும் வராத சீர். "எனக்குச் சொல்லித் தருவீங்களா அக்கா?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, நான் நிஜமாகவே கேட்கிறேனா என்று ஒரு கணம் யோசித்தார். அப்புறம் என் விரலைப் பிடித்து வளைத்து, கம்பியை எங்கே தாங்க வேண்டும் என்று காட்டினார். சரக்கு எங்கே எடுப்பீர்கள் என்றதற்கு, "காசி வரைக்கும் ரயில்ல போயிட்டு வருவோம்" என்றார். அவர்களுக்குள் வாக்ரிபோலியில் பேசிக்கொள்கிறார்கள், நம்மிடம் தமிழ். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2023-ல்தான். அந்த முதல் சந்திப்புக்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் அந்த அக்காவைத் தேடிப் போகிறேன். சொல்கிற விலையைக் கொடுத்து வாங்குகிறேன், என் வேலையையும் காட்டுகிறேன். ஒரு வருடம் என் மாலையைத் திருப்பிப் பார்த்து, "முடிச்சு ரெண்டு மணிக்குள்ள மறையணும், வெளிய தெரியுது" என்றார். எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லாதது.

விருதுநகர் வாசகி: மகளிர் குழு கண்காட்சியில் முதல் தடவை மேசை போடப் போகிறேன். விலை எப்படி வைப்பது?

பாசி, கொக்கி, நூல் செலவோடு, உட்கார்ந்த நேரத்துக்கு உங்கள் ஊர் நாள்கூலிக் கணக்கில் ஒரு தொகை சேருங்கள். போக்குவரத்தையும் அதில் ஏற்றுங்கள். பக்கத்து மேசையைப் பார்த்துக் குறைக்காதீர்கள். மேசையில் உட்காரும்போது கையில் கோர்ப்பு வேலை இருக்கட்டும், சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் நிற்பதில்லை.

காரைக்குடி வாசகி: அப்பத்தா கைப்படச் செய்த பாசித் தோரணம் ஒன்று இருக்கிறது. கிளியும் தாமரையும் வரும். நூல் இற்றுப்போய்ப் பாசி உதிர்கிறது. பிரித்துப் புதிதாகக் கோர்க்கலாமா?

கோர்க்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் பழைய பருத்திச் சேலை ஒன்றில் தோரணத்தைப் படுக்கவைத்து, உதிர்ந்த பாசியை ஒரு கிண்ணத்தில் சேருங்கள். தண்ணீரில் போட வேண்டாம், இற்ற நூல் கரைந்துபோகும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு பாசி என்று கிளியை முழுக்க எழுதி எடுங்கள். கண் இருக்கும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நிறம் மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்தத் தாளையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்து உங்கள் பக்கம் நடக்கிற கைவினைக் கண்காட்சிக்குப் போங்கள். அங்கே அறுபது வயதுக்கு மேற்பட்டவர் யார் கோர்த்துக்கொண்டிருந்தாலும் அவரிடம் காட்டுங்கள். குறையும் பாசிக்கு ஈடு எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எழுதி முடிக்கும்வரை ஒரு நூலைக்கூட வெட்டாதீர்கள். தாளின் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.